தலைவர் போன பிறகு எஞ்சியது என்ன?

(கேமரன் மலையில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ம.இ.கா. தேசியத் தலைவர்களில் வென்றவர் யார், தோற்றவர் யார்?" இதுதான் இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. இந்தத் தலைப்பைத் தேயிலை மலையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியாகத் தேர்தலைக் கண்ட 2004 முதல் 2018 வரை, நடந்த நான்கு பொதுத் தேர்தல்களிலும் இங்கே வென்றது ம.இ.கா. வேட்பாளர்களே. 2004லும் 2008லும் எஸ்.கே.தேவமணி வென்றார். 2013ல் கட்சியின் தேசியத் தலைவராக இருந்த ஜி.பழனிவேல் நேரடியாக இங்கு வந்து நின்று, 462 வாக்குகளில் வென்றார். 2018ல் சி.சிவராஜ் வென்றார், ஆனால் அந்த வெற்றியைத் தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி உறுப்பினர் என்ற பெருமையைப் பெற்றார். 2022லும் அவரே வென்றார். ஆக, ஒரு தேசியத் தலைவருக்கே ஓட்டுப் போட்டு அனுப்பிய மக்கள் நீங்கள். தலைவர்களை எடைபோடும் உரிமை உங்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

ஆனால் நாம் எப்படி எடைபோடுகிறோம்? காப்பிக் கடையில் ஒருவர், "சாமிவேலு இருந்ததால்தான் ரோடு வந்தது, பல்கலைக்கழகம் வந்தது" என்கிறார். பக்கத்து மேசைக்காரர், "மைக்காவில் போட்ட பணம் என்ன ஆயிற்று?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருந்தும் பேச்சு ஓர் அடி நகர்வதில்லை. ஒருவர் வரவை மட்டும் படிக்கிறார், மற்றவர் செலவை மட்டும் படிக்கிறார். முழுக் கணக்கையும் படிப்பவர் இல்லை.

தொலைக்காட்சியில் இருக்கும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு தலைவர் மறைந்தால் மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்கிறோம். பாலம் திறந்த காட்சி கிடைக்கும், மாலை விழுந்த காட்சி கிடைக்கும். குடியுரிமை கிடைக்காமல் கப்பல் ஏறிய குடும்பத்தின் காட்சி எங்கள் சேமிப்பில் இருக்காது. படம் எடுக்கப்பட்டதே வரலாறு ஆகிவிடுகிறது.

அமெரிக்கர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

அதிபர்களுக்குத் தர வரிசை போடுவது அமெரிக்காவில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. 1948ல் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் தம் துறையைச் சேர்ந்த 55 பேரிடம் கருத்துக் கேட்டு முதல் பட்டியலை வெளியிட்டார். ஆபிரகாம் லிங்கன் முதலிடம் பெற்றார். பிற்காலத்தில் சீ-ஸ்பேன் என்ற தொலைக்காட்சி நிறுவனம் 2000, 2009, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் இதையே விரிவாகச் செய்தது. மொத்தமாக ஒரு மதிப்பெண் கேட்காமல், நெருக்கடியைச் சமாளித்த விதம், பொருளாதாரம், நிர்வாகத் திறன், எல்லாருக்கும் சம நீதி தேடியது, தம் காலச் சூழலில் செயல்பட்ட விதம் என்று பத்துப் பகுதிகளாகப் பிரித்து மதிப்பெண் கேட்டார்கள்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, பதவி இறங்கும் நாளில் இருக்கும் பெயர் நிலையானதல்ல. ஹாரி ட்ரூமன் 1953ல் வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறியபோது மக்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அவரை ஆதரித்தனர். இன்று வரலாற்றாசிரியர்கள் அவரை முதல் பத்து இடங்களுக்குள் வைக்கிறார்கள்.

இரண்டாவது, நாம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். யுலிசஸ் கிராண்ட் ஊழல் மலிந்த ஆட்சியின் அதிபர் என்றே நீண்ட காலம் பேசப்பட்டார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரின் உரிமைக்காக அவர் எடுத்த நடவடிக்கைகளுக்கு மதிப்புக் கொடுக்கத் தொடங்கியதும், 2000ல் 33ஆம் இடத்தில் இருந்தவர் 2021ல் 20ஆம் இடத்துக்கு ஏறினார். கிராண்ட் 1885லேயே இறந்துவிட்டார். ஏறியது அவர் அல்ல, கேள்வி கேட்பவர்களின் பார்வை.

மூன்றாவது, வெற்றியையும் தோல்வியையும் ஒன்றோடொன்று கழித்துவிடக் கூடாது. லிண்டன் ஜான்சன் 1964ல் குடியுரிமைச் சமத்துவச் சட்டத்தையும் 1965ல் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். அதே மனிதர்தான் வியட்நாம் போரை ஆழமாக்கினார். சம நீதிப் பகுதியில் அவருக்கு மிக உயர்ந்த இடம், வெளிநாட்டு உறவுப் பகுதியில் மிகவும் பின்தங்கிய இடம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து "நடுத்தரம்" என்று எழுதினால் வாக்குரிமை பெற்றவனுக்கும் அநியாயம், போரில் மகனை இழந்தவளுக்கும் அநியாயம்.

நமக்கு ஏற்ற நான்கு கேள்விகள்

அமெரிக்க அதிபரையும் ம.இ.கா. தலைவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதிபர் கையில் இராணுவம் இருக்கிறது, நீதிபதிகளை முன்மொழியும் உரிமை இருக்கிறது. ம.இ.கா. தலைவரோ கூட்டணியில் இளைய பங்காளி. 1955 தேர்தலில் இருந்த 52 இடங்களில் கூட்டணி 51ஐ வென்றது. அதில் அம்னோவுக்கு 34, ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2. அமைச்சரவையில் அவர் கேட்கலாம், வாதாடலாம். தனியாக முடிவெடுக்க முடியாது. ஆகவே நமக்கென்று நான்கு கேள்விகள் போதும் என்று கருதுகிறேன்.

ஒன்று, அவர் கையில் இருந்த அதிகாரம் எவ்வளவு? இரண்டு, அவருடைய காலத்தின் பெரிய பிரச்சினையை அவர் நேருக்கு நேர் சந்தித்தாரா? மூன்று, அவர் போன பிறகும் சாதாரணத் தொழிலாளியின் கையில் எஞ்சி நிற்பது என்ன? நான்கு, அவருடைய தவற்றின் விலையைக் கொடுத்தவர் யார்?

இவற்றில் மூன்றாவதே முக்கியமானது. தேயிலைத் தோட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காட்டில் நிறுக்கும் பச்சைக் கொழுந்தின் எடை வேறு, ஆலையில் வாடி, உருண்டு, காய்ந்து வெளிவரும் தூளின் எடை வேறு. ஏறக்குறைய 5 கிலோ கொழுந்துக்கு 1 கிலோ தூள்தான் தேறும். மாநாட்டுக் கைதட்டல் பச்சைக் கொழுந்து. தலைவர் போன பிறகு தேறுவதுதான் தூள்.

துன் சம்பந்தன்: பத்து வெள்ளியின் கணக்கு

1946ல் ஜான் திவி தலைமையில் தொடங்கிய ம.இ.கா., முதல் ஒன்பது ஆண்டுகளில் புத் சிங், கே.இராமநாதன், கே.எல்.தேவாசர் என நான்கு தலைவர்களைக் கண்டது. 1955ல் தலைமைக்கு வந்த வீ.தி.சம்பந்தன் 1973 வரை 18 ஆண்டுகள் இருந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

அவர் காலத்தின் பெரிய பிரச்சினை தோட்டத் துண்டாடல். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். மூன்று தலைமுறையாகப் பால் மரம் வெட்டியவர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். சம்பந்தன் இதற்குக் கண்ட வழி, 1960ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. தோட்டத் தொழிலாளி அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அவர் தோட்டம் தோட்டமாக நடந்து, "நீ வேலை செய்யும் தோட்டத்தை நீயே வாங்கு" என்ற கருத்தைப் பரப்பினார். 1961ல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் வந்து சேர்ந்தன. அவர் 1979ல் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

மற்றொரு பக்கத்தையும் எழுத வேண்டும். 1957ல் குடியுரிமைக் கதவு திறந்தது. ஆனால் தோட்டப்புறத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பலர், விண்ணப்பம் என்ன, அது எதற்கு என்றே அறியாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1968ல் வந்த சட்டம், குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய பெர்மிட் தேவை என்றது. 1969க்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சட்டத்தைக் கொண்டுவந்தவர் சம்பந்தன் அல்லர். அதைத் தடுக்கும் எண்ணிக்கை பலமும் அவரிடம் இல்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் கட்சிக் கிளைகள் லயம் லயமாகப் போய் விண்ணப்பப் பாரங்களைப் பூர்த்தி செய்து கொடுத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் இங்கேயே இருந்திருக்கும் என்ற கேள்வி எஞ்சுகிறது. தோட்டம் வாங்கியது அழியாத வரவு. சிவப்பு அட்டை அழியாத பற்று. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

மாணிக்கவாசகம்: நடுவில் மறைந்தவர்

1973ல் கட்சிக்குள் எழுந்த நெருக்கடியின் நடுவே சம்பந்தன் விலக, வீ.மாணிக்கவாசகம் தலைவரானார். 1979 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். பதினெட்டு ஆண்டுத் தலைவருக்கும் முப்பத்தொரு ஆண்டுத் தலைவருக்கும் இடையில் ஆறு ஆண்டுகள் இருந்ததால் இவரைப் பலர் மறந்துவிட்டார்கள்.

புதிய பொருளாதாரக் கொள்கை 1970களில் வந்தபோது, இந்தியர்களுக்கு அதில் என்ன இடம் என்று கணக்கோடு கேட்டவர் இவர். 1974ல் வெளிவந்த நீலப் புத்தகத் திட்டம் அந்த முயற்சியின் விளைவு. அதே ஆண்டு நேசா கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கல்விக்கு நிதி திரட்டும் ஏற்பாடும் இவர் காலத்தில் வலுப்பட்டது. தலைவர் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதை விட்டுவிட்டு, ஓர் ஆண்டுக்கு எத்தனை விதை போட்டார் என்று கேட்டால் மாணிக்கவாசகத்தின் இடம் உயரும். விதை போட்டவர் விளைச்சலைப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. விளைந்ததற்கும் விளையாததற்கும் பின்னால் வந்தவர்களே பொறுப்பு.

துன் சாமிவேலு: இரண்டு நோட்டுப் புத்தகங்கள்

சாமிவேலுவைப் பற்றிப் பேசும்போதுதான் நம் வீடுகளில் குரல் உயர்கிறது. குளுவாங்கில் பிறந்து, தோட்டப்புற வறுமையிலிருந்து மேலே வந்தவர். 1979 முதல் 2010 வரை 31 ஆண்டுகள் கட்சித் தலைவர். சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக 1974 முதல் 2008 வரை இருந்தார்.

இவருடைய கணக்கை இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று அமைச்சர் சாமிவேலு. மற்றொன்று சமுதாயத் தலைவர் சாமிவேலு.

அமைச்சர் கணக்கில் வரவு பெரிது. பினாங்கு பாலம் 1985ல் திறக்கப்பட்டது. அவர் பொதுப்பணி அமைச்சராக இருந்தபோது தொடங்கிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இவை எல்லா மலேசியருக்கும் பொதுவான சொத்து. ஆனால் இந்தியத் தொழிலாளியின் தனிக் கணக்கில் இவற்றை எழுத முடியாது. நெடுஞ்சாலையில் டோல் கட்டிப் போகும் எல்லாருக்கும் அது சாலைதான்.

சமுதாயத் தலைவர் கணக்கில் மிகப் பெரிய வரவு கல்வி. 1984ல் ம.இ.கா. கல்விக் கழகம் அமைந்தது. 2001ல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தொடங்கியது. செமிலிங் வளாகத்திலிருந்து மருத்துவர்கள் வெளிவந்துகொண்டே இருக்கிறார்கள். அவர் 2022ல் மறைந்த பிறகும் நிற்கும் சொத்து இது.

மிகப் பெரிய பற்று மைக்கா. 1980களின் தொடக்கத்தில், சுமார் 66,000 பேர் நம்பிக்கையோடு பங்கு வாங்கி 10 கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. நகையை அடகு வைத்தவர்களும் கடன் வாங்கியவர்களும் அதில் உண்டு. அந்த முதலீடு எதிர்பார்த்தபடி வளரவில்லை. 1990ல் மைக்காவுக்கு ஒதுக்கப்பட்ட டெலிகோம் பங்குகளில் பெரும்பகுதி வேறு நிறுவனங்களுக்குப் போன விவகாரம் நாட்டையே உலுக்கியது. அவர் மீது நீதிமன்றத்தில் குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் 2010ல் பங்குதாரர்களுக்குக் கிடைத்த விலை, 1 வெள்ளிப் பங்குக்கு 80 காசு. ஏறக்குறைய கால் நூற்றாண்டு காத்திருந்து, போட்டதைவிடக் குறைவாகப் பெற்றார்கள். நான்காவது கேள்வியை இங்கே கேளுங்கள். விலையைக் கொடுத்தவர் யார்? தாலிக்கொடியை அடகு வைத்த தாய்.

மற்றோர் எண்ணையும் பாருங்கள். நாட்டின் பங்குச் சொத்தில் இந்தியர்களின் பங்கு 1970ல் 1.1 விழுக்காடு, 2004ல் 1.2 விழுக்காடு என்று அரசாங்கத்தின் திட்ட அறிக்கைகளே கூறுகின்றன. 2007 நவம்பர் 25ல் கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் பேரணியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம். 2008 மார்ச்சில் சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் சாமிவேலு தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை 222ல் 3 இடங்கள் மட்டுமே.

31 ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருந்ததில், அவருக்குப் பின் கட்சியை நடத்தும் வலுவான இரண்டாம் வரிசை உருவாகவில்லை. அந்தக் குறையின் விலையை அவருக்குப் பின் வந்தவர்கள் கொடுத்தார்கள். ஒரு பங்கை இந்த மலையும் கொடுத்தது.

பழனிவேல்: மலைக்கு வந்த தலைவர்

பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்த ஜி.பழனிவேல் 2010 டிசம்பரில் தலைவரானார். 2013ல் உங்கள் தொகுதியில் வென்று, இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சரானார். சுற்றுச்சூழல் அமைச்சரே கேமரன் மலையின் உறுப்பினர்! இதைவிடப் பொருத்தம் அமையாது என்றுதான் பலர் நினைத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில், சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாகின. 2014 நவம்பரில் சேற்று வெள்ளமும் நிலச்சரிவும் மீண்டும் உயிர்களைக் குடித்தன. காடழிப்பும் வரம்பில்லாத விவசாய நிலத் திறப்பும் ஆறுகளையும் அணையையும் மண்ணால் நிரப்பியதே அடிப்படைக் காரணம்.

இங்கே முதல் கேள்வியைக் கேட்காமல் தீர்ப்பு எழுதினால் அது நியாயமாகாது. நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். நிலத்தைத் திறக்க உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் கூட்டரசு அமைச்சரின் கையில் இல்லை. ஆகவே மலை மொட்டையானதற்கு அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதிகாரம் இல்லாதவனுக்கும் குரல் உண்டு. இரண்டு பதவிகளையும் வைத்திருந்தவர், நாள்தோறும் நாடு முழுவதும் கேட்கும்படி அந்தக் குரலை எழுப்பியிருக்கலாம். அதே வேளையில் கட்சிக்குள் 2013 தேர்தலைப் பற்றிய சச்சரவு வெடித்தது. சங்கங்களின் பதிவதிகாரி மறுதேர்தல் நடத்தச் சொன்னார், வழக்குகள் நடந்தன. 2015 ஜூலையில் அவர் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். மலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் கட்சியும் சரிந்துகொண்டிருந்தது. தலைவரின் நேரம் இரண்டாவது சரிவுக்கே போய்விட்டது.

எல்லாக் கணக்கிலும் காலியாக உள்ள வரி

நான்கு தலைவர்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு வரி எல்லாவற்றிலும் ஏறக்குறைய காலியாக இருப்பது தெரியும். அது தோட்டத் தொழிலாளியின் சொந்த வீடு.

நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்கு வேலை முடியும்போது, வீடும் முடிந்துவிடுகிறது. அது தோட்டத்து வீடு, காலி செய்ய வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970களிலேயே தொடங்கிவிட்டது. சில தோட்டங்களில் அது நடந்தது, பல தோட்டங்களில் மேடைப் பேச்சோடு நின்றது. இன்று இந்த மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கத்தரியும் இயந்திரமும் கைக்குப் பதிலாக வந்துவிட்டன. நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். தங்கியிருக்கும் பெரியவர்களுக்கு, "எங்கே போவது?" என்ற கேள்வி தினசரிக் கேள்வி.

ஆகவே, அடுத்த முறை எந்தக் கட்சியின் வேட்பாளர் தோட்ட மண்டபத்துக்கு வந்தாலும், மாலையோடு சேர்த்து இந்தக் கேள்விகளையும் வையுங்கள். உங்கள் கையில் உள்ள அதிகாரம் என்ன? எது மாநிலத்தின் கையில், எது கூட்டரசின் கையில் என்று மறைக்காமல் சொல்வீர்களா? நீங்கள் பதவியை விட்டுப் போன பிறகு என் கையில் என்ன இருக்கும்? உங்கள் திட்டம் தோற்றால் விலை கொடுப்பது நீங்களா, நானா?

பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கூலிக்குக் கணக்கு எழுத கிராணி இருந்தார். தலைவர்களுக்குக் கணக்கு எழுத யாரும் வரமாட்டார்கள். அந்தப் புத்தகம் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.